தாண்டிய தடியும் தாண்டாத தடியும்

மட்டக்களப்பு நாட்டார்க்குப் போட்டி என்பது புதியதொன்றன்று. கண்ணகி அம்மன் வழிபாடு நிலைபெற்ற ஊர்களிலே, மக்கள் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரு பிரிவாய் நின்று கொம்புமுறி விளையாடிய மரபு எம் முன்னோர்க்கு உரியது. வடசேரியைக் கோவலன் பக்கமென்றும் தென்சேரியைக் கண்ணகி பக்கமென்றும் கூறுவர். இரு சேரியாரின் கொம்புகளையும் ஒன்றோடொன்று கொழுவி, வடம் பூட்டி இழுத்து, எவர் கொம்பு முறிகின்றது என்று பார்ப்பர். போர்த்தேங்காய் அடிப்பதிலும் ஒரு காய் உடைந்தாலன்றி மற்றைக் காய் வென்றதாகாது. இவ்விரு விளையாட்டிலும் ஒருவர் வெல்வதற்கு மற்றொருவரின் பொருள் முறிந்தேயாக வேண்டும்.

இதற்கு மாறான போட்டியும் உலகில் உண்டு. அதிலே எதிரி என்று சொல்லத்தக்கது ஒரு தடி மாத்திரமே. இரண்டு கம்பங்களுக்கிடையே குறுக்காக அத்தடி கிடக்கும். ஓடிவந்து அதனைத் தாண்ட வேண்டும். தாண்டினால் தடி உயரும், தட்டினால் விழும். எவரையும் முறிக்க வேண்டுவதில்லை. உயரம் பாய்தல் என்று எம் பாடசாலைகளில் வழங்கும் இவ்விளையாட்டிலே, ஆசியக் கண்டம் முழுவதற்கும் முதல்வராய் நின்ற தமிழர் ஒருவரைப் பற்றி இவ்வாரம் எழுத எண்ணினோம். அவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். இலங்கைக்கு ஆசிய விளையாட்டு விழாவில் முதன்முதற் கிடைத்த தங்கப்பதக்கம் அவர் ஈட்டியது. ஆயினும் எம் மாணவர்களில் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

பனிமலை நாட்டுக்கும் எண்பத்திரண்டு ஆண்டுகள்

சிறிய நாட்டிலிருந்து, வசதி குறைந்த ஊரிலிருந்து ஒருவர் உலக அரங்கில் ஏறுவது இயலுமோ என்று ஐயுறுவோர் பலர். அவர்கள் முதலில் பிரான்ஸ் தேசத்தின் கதை ஒன்றைக் கேட்டல் நன்று.

பிரான்ஸ் தேசத்துக்கு அல்ப்ஸ் மலைத் தொடரில் பெரும்பங்கு உண்டு. ஆண்டுதோறும் பனி கொட்டும் பள்ளத்தாக்குகள் அங்கே பல. முதலாவது மாரிகால ஒலிம்பிக் விழா 1924ஆம் ஆண்டு அந்நாட்டின் ஷமோனி நகரிலேயே நடைபெற்றது. அவ்வாறிருந்தும், பனிவெளியிலே காலிற் சறுக்குப் பலகை பூட்டி ஓடும் நெடுந்தடப் பனிச்சறுக்குப் போட்டியில் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றைக் காண்பதற்கு அந்நாடு 2006ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. இத்தாலியின் துரின் நகர விழாவிலே, ரொடி தராகோன் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர், குறுந்தூர விரைவுப் போட்டியில் வெள்ளிப்பதக்கம் வென்றார். சுவீடன் நாட்டு பியோர்ன் லிண்ட் முதலிடம் பெற்றார்.

இக்குறுந்தூரப் போட்டியின் முறையையும் சிறிது கூறுவோம். தடத்தின் நீளம் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு. முதலில் ஒவ்வொருவராகக் காலங் குறித்து ஓடுவர். அவர்களுள் விரைந்த முப்பதின்மர் மாத்திரம் அடுத்த கட்டத்துக்குச் செல்வர். பின்னர் ஆறு ஆறு பேராக நிரையில் நின்று காலிறுதி, அரையிறுதி, இறுதி என ஓடுதல் வேண்டும். ஆகவே இறுதியில் நிற்பவர் ஒரே நாளில் நான்கு முறை தம் உயிரைக் கொடுத்து ஓடியவராவர். மூன்று நிமிடமளவில் முடியும் ஓட்டமொன்றை, இடையே சிறிது ஓய்வு கொண்டு, நான்கு தடவை திருப்பிச் செய்வது எத்துணை அரிது என்பதை உடற்பயிற்சி அறிந்தோர் உணர்வர்.

தராகோனுக்குப் பின்னர் அந்நாட்டு வீரர்கள் 2014, 2018, 2022 ஆகிய மூன்று விழாக்களிலும் அஞ்சலோட்டப் பனிச்சறுக்கில் வெண்கலப்பதக்கம் பெற்றனர். மலையும் பனியும் செல்வமும் படைத்த ஒரு நாட்டுக்கே முதற் பதக்கம் வர எண்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. அங்ஙனமாயின், 1951இல் தொடங்கிய ஆசிய விளையாட்டு விழாவிலே, ஏழாண்டுகளுள் இலங்கைக்குத் தங்கம் கொணர்ந்த எம்மவரை நாம் எவ்வளவு போற்றுதல் வேண்டும்!

பெரியவிளானிலிருந்து ஹெல்சிங்கிக்கு

எதிர்வீரசிங்கம் 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் திகதி வடமாகாணத்துப் பெரியவிளானிலே பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கல்வி பயின்றார். தோழர்கள் அவரை ‘எதிர்’ என்று சுருக்கி அழைப்பர். 1952ஆம் ஆண்டு யூலை, ஆகஸ்ட் மாதங்களில் பின்லாந்து தேசத்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் விழா நடைபெற்றபொழுது, அவருக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் இன்னும் வரவில்லை. அந்த வயதிலேயே அவர் இலங்கையின் சார்பில் உயரம் பாயும் போட்டியில் இறங்கினார்.

இலங்கைக்கு ஒலிம்பிக் விழாவில் முதற் பதக்கம் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே கிட்டியிருந்தது. 1948ஆம் ஆண்டு லண்டன் விழாவில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 51.8 விநாடியில் ஓடி வெள்ளிப்பதக்கம் பெற்றார். சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் வந்த அப்பதக்கம், சிறிய நாட்டினரும் பெரிய அரங்கில் நிற்கலாம் என்னும் நம்பிக்கையை எங்கள் பாடசாலைகளிலே விதைத்தது. அந்த நம்பிக்கை வளர்ந்த காலத்து மாணவர்களுள் ஒருவர் எதிர்வீரசிங்கம்.

ஹெல்சிங்கியில் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அங்கே தங்கம் வென்றவர் அமெரிக்கராகிய வோல்ற்றர் டேவிஸ். அவர் தாண்டிய உயரம் 2.04 மீற்றர். அந்த டேவிஸ் சிறுவயதிலே இளம்பிள்ளை வாதத்தினால் நடக்கவும் இயலாதிருந்தவர் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று. கால் முடங்கிய சிறுவன் ஒருவன் வளர்ந்து உலகிலேயே உயரம் பாய்வதில் முதல்வனான காட்சியை, எம் பதினேழு வயது இளைஞர் அதே அரங்கில் நின்று கண்டார்.

பின்னர் எதிர்வீரசிங்கம் அமெரிக்கா சென்று, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியா சர்வகலாசாலையிற் பயின்றார். 1956ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக் விழாவிலும் இலங்கைக்காகப் பாய்ந்தார். அவ்வாண்டு யூன் 29ஆம் திகதி, சார்ள்ஸ் டூமாஸ் என்னும் பத்தொன்பது வயது அமெரிக்க இளைஞர், லொஸ் ஏஞ்சல்சில் நடந்த தெரிவுப் போட்டியிலே 2.15 மீற்றர் பாய்ந்து, ஏழடி என்னும் எல்லையை மனித வரலாற்றில் முதன்முதற் கடந்திருந்தார். மெல்பேணில் அவரே 2.12 மீற்றர் பாய்ந்து தங்கம் பெற்றார். எதிர்வீரசிங்கம் இரண்டாம் முறையும் ஒலிம்பிக் பதக்கமின்றித் திரும்பினார்.

தடியின் இலக்கணம்

உயரம் பாயும் போட்டியின் விதி மிக எளியது. ஒவ்வோர் உயரத்திலும் மூன்று முறை முயலலாம். தொடர்ச்சியாக மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். ஒற்றைக் காலில் ஊன்றியே எழுதல் வேண்டும். இருவர் ஒரே உயரத்தைத் தாண்டி நின்றால், தவறுதல்களை எண்ணி முதல்வரைத் தெரிவர்.

இவ்விதியிலே ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தோற்றவர்கள் மூன்று தவறுதலோடு வெளியேறுகின்றனர். எல்லாரும் வெளியேறிய பின்னர் வென்றவர் என்ன செய்கின்றார்? தடியை இன்னும் உயர்த்தச் சொல்லி மீண்டும் பாய்கின்றார். ஈற்றில் அவரும் பெரும்பாலும் மூன்று முறை தடியைத் தட்டி வீழ்த்தியே களத்தை விட்டு அகல்கின்றார். ஓட்டத்தில் வென்றவன் வெற்றியோடு முடிக்கின்றான். பாய்ச்சலில் வென்றவனோ தவறுதலோடு முடிக்கின்றான். தன் ஆற்றலின் எல்லை இதுவென்று அறிந்த பின்னரே அவன் வீடு செல்கின்றான்.

பாயும் முறையும் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. முற்காலத்தில் கத்தரிக்கோல் போலக் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசித் தாண்டினர். இன்றும் எம் கிராமப் பாடசாலைகளில் சிறுவர் பாய்வது இவ்வாறே. பின்னர் பக்கவாட்டில் உருண்டு தாண்டும் முறை வந்தது. அதன்பின் வயிறு தடியை நோக்கக் கவிழ்ந்து உருளும் முறை வந்தது. எதிர்வீரசிங்கம் பாய்ந்த காலத்தில் விழுமிடம் மணற்குழியாகவோ மரத்தூள் நிரப்பிய குழியாகவோ இருந்தது. ஆதலால் காலிலோ கையிலோ விழத் தெரிந்தவனே பாயத் துணிந்தான். பஞ்சு மெத்தை போன்ற தடித்த விழுதளம் வந்த பின்னரே, முதுகு தடியை நோக்க மல்லாந்து தாண்டும் முறை இயலுவதாயிற்று. அதனை 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ விழாவில் டிக் பொஸ்பரி என்னும் அமெரிக்கர் உலகறியச் செய்து, 2.24 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். கியூபா நாட்டு ஹாவியர் சொட்டோமேயர் 1993ஆம் ஆண்டு பாய்ந்த 2.45 மீற்றர் உயரமும் இம்முறையால் ஆகியதே.

இங்கே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். திரைகளில் கண்ட மல்லாந்த பாய்ச்சலை, மணற்குழியொன்றின் முன்னே பிள்ளைகள் பழக ஒருபொழுதும் இடங்கொடுத்தலாகாது. கழுத்தெலும்பும் முதுகெலும்பும் ஊறுபட ஒரு கணம் போதும். தக்க மெத்தை இல்லாத பாடசாலையில் கத்தரிப் பாய்ச்சலே பாதுகாப்பானது. அதிலே தேர்ந்த பிள்ளைக்கு மற்றையது பின்னர் எளிதில் வரும்.

1958: ஒரே கிழமையில் இரு செய்திகள்

மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா 1958ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி யப்பானியத் தலைநகராகிய டோக்கியோவில் தொடங்கி, யூன் முதலாந் திகதி நிறைவெய்தியது. அதிலே உயரம் பாயும் போட்டியில் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர், அஃதாவது ஏறக்குறைய ஆறடி எட்டு அங்குலம் பாய்ந்து, விழாவின் பழைய சாதனையை முறியடித்துத் தங்கப்பதக்கம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று.

உண்மையை மறைத்துப் புகழ்வது எமது நோக்கமன்று. மெல்பேணில் டூமாஸ் பாய்ந்த உயரத்துக்கு இது ஒன்பது சதமமீற்றர் குறைவு. ஆயின், ஆறாண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் தங்கம் பெற்றுத்தந்த உயரத்துக்கு ஒரேயொரு சதமமீற்றர்தான் குறைவு. 1948இல் லண்டனில் தங்கம் பெற்ற 1.98 மீற்றரை இது கடந்தது. பதினேழு வயதிலே எந்த உயரத்தை அண்ணாந்து பார்த்தாரோ, ஆறாண்டு உழைப்பின் பின்னர் ஏறக்குறைய அந்த உயரத்தையே அவர் எட்டிவிட்டார். ஒரு மாணவனின் முன்னேற்றத்தை அளக்க இதைவிட நேரிய கோல் வேறில்லை.

அந்த நாட்களில் தாய்நாட்டிலே நடந்தது யாது? இதனைச் சொல்லாமல் அவர் வரலாற்றை முடிக்க எம்மால் இயலாது. மட்டக்களப்பார்க்கு அது மறக்கத்தக்கதுமன்று. 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. 1957இல் பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தாகி, 1958 ஏப்ரில் மாதம் கைவிடப்பட்டது. மே 22ஆம் திகதி பொலநறுவைப் புகைவண்டி நிலையத்திலே தமிழரைத் தேடி வன்கூட்டம் புகுந்தது. மறுநாளிரவு எம் ஏறாவூரிலே புகைவண்டி தடம்புரட்டப்பட்டது. அதற்கு மறுநாள் டோக்கியோவில் விழா தொடங்கிற்று. மே 27ஆம் திகதி நாடெங்கும் அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. கொழும்பிலும் பிற இடங்களிலும் அகதிகளாய்த் தமிழர் கூடியிருந்த அதே கிழமையில், தமிழ் இளைஞர் ஒருவர் இந்நாட்டின் பெயரை மார்பில் தாங்கி, இந்நாட்டுக்கு முதலாவது ஆசியத் தங்கத்தை ஈட்டிக்கொடுத்தார்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது நெஞ்சு கனக்கின்றது. டோக்கியோவிலே கம்பங்களுக்கிடையே கிடந்த தடி, பாய வருபவன் எம்மொழி பேசுகின்றான் என்று கேட்கவில்லை. எத்தனை உயரம் எழுகின்றான் என்பதை மாத்திரம் பார்த்தது. தாய்நாட்டு வீதிகளிலோ மனிதர், வந்தவனின் மொழியைக் கேட்டு அறிந்த பின்னரே அவனை வாழவிடுவதா என்று தீர்மானித்தனர். எதிர்வீரசிங்கம் தம் தடியைத் தாண்டினார். அவரைப் பெற்ற நாடு தன் முன்னே கிடந்த தடியைத் தாண்டவில்லை. அதனைத் தட்டி வீழ்த்தியதன் விலையை இந்நாட்டின் எல்லாச் சமூகத்தாரும் பின்வந்த பல்லாண்டுகளிற் செலுத்தினர். வாவிக்கரையில் வாழும் நாம், எழுவான்கரையார் ஆயினும் படுவான்கரையார் ஆயினும், தமிழர் ஆயினும் முஸ்லிம்கள் ஆயினும், அவ்விலையில் எம் பங்கை நன்கறிவோம்.

இச்செய்தியைப் பகை வளர்க்கவென்று நாம் கூறவில்லை. டங்கன் வைற்றின் வெள்ளியையும், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்திலே பதக்கம் பெற்ற சுசந்திகா ஜயசிங்கவின் ஓட்டத்தையும் எம் பிள்ளைகள் தமதெனக் கொண்டாடுதல் வேண்டும். அதுபோலவே எதிர்வீரசிங்கத்தின் தங்கத்தைத் தெற்கிலுள்ள பிள்ளைகளும் தமதெனக் கொண்டாடும் நாள் வருதல் வேண்டும். அதற்கு முதற்படி, எம் பிள்ளைகளே அவரை அறிந்திருப்பது.

பதக்கத்துக்குப் பின்னர்

1962ஆம் ஆண்டு நான்காவது ஆசிய விளையாட்டு விழா இந்தோனேசியத் தலைநகராகிய ஜகார்த்தாவில் நடைபெற்றது. அது தொடங்கிய ஆகஸ்ட் 24ஆம் திகதி எதிர்வீரசிங்கத்தின் இருபத்தெட்டாவது பிறந்தநாள். அவ்விழாவில் அவர் வெள்ளிப்பதக்கம் பெற்றார். தங்கம் யப்பானிய வீரர் ஒருவருக்குச் சென்றது. ஹெல்சிங்கியிலிருந்து ஜகார்த்தா வரை பத்தாண்டுகள். இரண்டு ஒலிம்பிக் விழாக்கள், ஒரு தங்கம், ஒரு வெள்ளி. பாய்ச்சற்காரர் ஒருவரின் கால்களுக்குப் பத்தாண்டு என்பது நீண்ட காலம்.

அதன்பின் அவர் என்ன ஆனார் என்பதே பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி. அவர் அமெரிக்காவின் கோர்னெல் சர்வகலாசாலையிற் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆபிரிக்க நாடுகளிலும் பாப்புவா நியூகினியிலும் கல்விப் பணி ஆற்றினார். முதிர்ந்த வயதிலே, போரினாற் சிதைந்த வடக்கு கிழக்கின் கல்வி நிலையையும் பிள்ளைகளின் மறுவாழ்வையும் தம் கருத்திற் கொண்டு உழைத்தார். 2024ஆம் ஆண்டு ஏப்ரில் 18ஆம் திகதி, எண்பத்தொன்பதாவது வயதில் அவர் மறைந்தார். ‘விளையாட்டில் இறங்கிய பிள்ளை படிப்பைக் கோட்டை விட்டுவிடும்’ என்று அஞ்சுவோர்க்கு அவர் வாழ்க்கையே மறுமொழி.

சாம்பவான்கள் வேண்டும்

இராமகாதையிலே கடல் தாண்டிய அனுமனை எல்லாரும் அறிவர். அவன் பாய்வதற்கு முன் கடற்கரையில் நடந்ததைச் சிலரே நினைவிற் கொள்கின்றனர். வானர வீரர் ஒவ்வொருவரும் தம்மால் இவ்வளவு தூரமே தாண்ட முடியும் என்று கூறித் தளர்ந்து நின்றனர். அனுமனோ ஒன்றும் பேசாதிருந்தான். அப்பொழுது முதியவனாகிய சாம்பவான் அவனை அணுகி, அவனுடைய ஆற்றலை அவனுக்கே எடுத்துரைத்தான். அதன் பின்னரே அனுமன் மலைமீது நின்று பேருருக் கொண்டான். பாய்ந்தவன் அனுமன், பாயச் செய்தவன் சாம்பவான்.

மட்டுநகருக்கு அத்தகைய சாம்பவான்கள் வாய்த்ததுண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைத் துறவியாகிய வண. பிதா ஹரல்ட் வெபர் அவர்கள், புனித மிக்கேல் கல்லூரியைத் தளமாகக் கொண்டு, எம் இளைஞர்க்கு மெய்வல்லுநர் விளையாட்டையும் கூடைப்பந்தாட்டத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கினார். மட்டுநகர் விளையாட்டரங்கு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எங்கோ பிறந்து, எம் வெயிலிலே நின்று, எம் பிள்ளைகளின் கால்களிலே நம்பிக்கை வைத்த அப்பெரியாரைச் சமய வேறுபாடின்றி எல்லாரும் நினைத்தல் தகும்.

இன்றைய நிலை யாது? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரணதரம், உயர்தரம் என்னும் மூன்று பரீட்சைகளுக்கு இடையே பிள்ளையின் மாலைப்பொழுது முழுவதும் தனியார் வகுப்புகளுக்கே விற்கப்பட்டுவிட்டது. பாடசாலை விட்டதும் ஒரு வகுப்பு. அது விட்டதும் மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமையும் விதிவிலக்கில்லை. தைமாசி மாதங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கென இரண்டு கிழமை மைதானம் விழித்தெழும். பின்னர் மறுவருடம் வரை உறங்கும். பெண்பிள்ளையாயின் பூப்பெய்திய மறுநாளே ஓட்டமும் பாய்ச்சலும் முடிந்தன என்று எண்ணும் இல்லங்கள் இன்றும் உள.

“ஐயா, இவன் பாய்ந்தால் நாளைக்கு இவனுக்கு உத்தியோகம் கிடைக்குமோ?” என்று தந்தைமார் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே; அதனை எள்ளுதல் தகாது. வாவியிலே தோணி வலித்து மீன்பிடித்தும், படுவான்கரை வயலிலே வரம்பு மிதித்தும் பிள்ளையைப் படிப்பிக்கும் ஒருவருக்குப் பதக்கக் கனவு சோறு போடாது. பாய்பவருள் மிகப் பெரும்பாலோர் பதக்கம் பெறுவதில்லை என்பதும் மெய். எதிர்வீரசிங்கமே இரு ஒலிம்பிக் விழாக்களிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்தாமே!

ஆயினும் அத்தந்தையிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்றுண்டு. பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளை உலகமே முடிந்ததென்று மூலையிற் சுருண்டு கிடக்கின்றது. சில இல்லங்களில் அதைவிடக் கொடிய முடிவும் நேர்ந்து, ஊரே அழுதிருக்கின்றது. தவறுதல் என்பது வாழ்வின் முடிவன்று, அடுத்த முயற்சிக்கு முன்னுள்ள இடைவேளையே என்று அப்பிள்ளைக்கு எவர் எங்கே கற்பித்தார்? தனியார் வகுப்பிலே இப்பாடம் இல்லை. வினாத்தாள் புத்தகத்திலும் இல்லை. மணற்குழியின் ஓரத்திலே, தடியைத் தட்டி வீழ்த்திவிட்டு, உடலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, மீண்டும் தொடக்கக் கோட்டுக்கு நடந்து செல்லும் பிள்ளை அதனைத் தானாகவே கற்கின்றது. பலர் பார்க்கத் தவறுவதற்கும், பார்த்தவர் முன்னிலையிலேயே மறுபடியும் முயல்வதற்கும் அது பழகுகின்றது. உத்தியோகம் கிடைத்த பின்னரும், கிடைக்காதபொழுதும் கைகொடுக்கும் கல்வி இதுவே.

செலவும் பெரிதன்று. இரண்டு கம்பம், ஒரு மூங்கிற்கழி, கல்லும் கண்ணாடியும் நீக்கி நன்கு கிளறிய மணல், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர், நாளொன்றுக்கு ஒரு மணிநேரம்: இவை போதும் தொடங்குவதற்கு. உணவுக்கும் ஊர்ப்பொருளே போதியது. வாவி மீனும், குரக்கனும், பயறும், முருங்கையிலையும் கடையில் விற்கும் எந்தத் தகரப்பேணி மாவுக்கும் தாழ்ந்தவையல்ல. நன்றாக உறங்கிய பிள்ளை நன்றாகப் பாயும். நன்றாகப் பாய்ந்த பிள்ளை நன்றாக உறங்கும். கைத்தொலைபேசியை இரவிலே வாங்கி வைத்துவிடுவது மாத்திரம் பெற்றோர் கடன்.

வாவியின் இரு கரைகளுக்கும் இடையே இருந்த தூரம் இன்று குறைந்துவிட்டது. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின், ஓடத்துக்காகக் கரையிற் காத்து நின்ற படுவான்கரைப் பிள்ளைகள் நினைத்த நேரத்தில் நகருக்கு வருகின்றனர். வெபர் அரங்கின் ஓடுபாதை இப்பொழுது அவர்களுக்கும் எட்டிய தூரத்திலே உள்ளது. மைல் கணக்கில் நடந்தும் துவிச்சக்கர வண்டி மிதித்தும் பாடசாலை செல்லும் அப்பிள்ளைகளின் கால்களிலே எத்தனை உயரம் ஒளிந்திருக்கின்றதோ! அதனைக் கண்டு சொல்லும் கண்கள்தாம் குறைவு.

ஆசிரியப் பெருமக்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. வருகிற தவணையில் ஒருநாள், உங்கள் வகுப்பறைச் சுவரிலே தரையிலிருந்து 2.03 மீற்றர் அளந்து ஒரு கோடு கீறுங்கள். அதன் அருகே எதிர்வீரசிங்கத்தின் பெயரையும் 1958 என்னும் ஆண்டையும் எழுதுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கட்டும். தன் தலைக்கு மேலே அக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கின்றது என்று காணும் பிள்ளை, ‘இதனை ஒரு மனிதர் தாண்டினாரா?’ என்று கேட்கும். ‘ஆம், உன்னைப்போல் தமிழ்ப் பாடசாலையொன்றிற் படித்தவர் தாண்டினார்’ என்று மறுமொழி சொல்லிவிட்டு, மாலையில் அப்பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தடியை முதலில் முழங்கால் உயரத்திலேயே வையுங்கள்.